அல்லாமா இக்பால்: செட்டிநாட்டு வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் எந்த இலக்கியக் கூட்டத்தில் இக்பாலைப் பற்றிப் பேசினாலும் சில கேள்விகள் தவறாமல் வருகின்றன. ஒரு பாட்டுக்காக அவரைக் கொண்டாடுபவர்களும் கேட்கிறார்கள். ஒரு நாட்டின் பெயரைச் சொல்லி அவரை ஒதுக்குபவர்களும் கேட்கிறார்கள். இரண்டு தரப்பிலும் அவரைப் படித்தவர்கள் குறைவு. அந்தக் குறை தீரவேண்டும் என்ற ஆசையில்தான் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

இக்பால் யார்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

முகமது இக்பால் 1877 நவம்பர் 9 அன்று பஞ்சாபின் சியால்கோட்டில் பிறந்தார். முன்னோர்கள் காஷ்மீரப் பண்டிதர்கள். சில தலைமுறைகளுக்கு முன் இஸ்லாத்தைத் தழுவியவர்கள். தந்தை நூர் முகமது தையல் தொழில் செய்தவர், அதிகம் படிக்காதவர், ஆனால் சூஃபி நாட்டம் உள்ளவர். குர்ஆனை ஓதிக்கொண்டிருந்த மகனிடம், அது உனக்கே இறங்கிய வேதம் என்று நினைத்து ஓது என்று அந்தத் தந்தை சொன்னதை இக்பால் கடைசிவரை மறக்கவில்லை.

லாகூர் அரசுக் கல்லூரியில் தத்துவம் படித்து 1899இல் எம்.ஏ. முடித்தார். 1905இல் ஐரோப்பா போனார். கேம்பிரிட்ஜில் பட்டம், லண்டனில் பாரிஸ்டர், ஜெர்மனியின் மியூனிக் பல்கலைக்கழகத்தில் பாரசீக மெய்யியலின் வளர்ச்சி பற்றிய ஆய்வுக்கு முனைவர் பட்டம் என மூன்றையும் மூன்றே ஆண்டுகளில் வாங்கிக்கொண்டு 1908இல் திரும்பினார். பிழைப்புக்கு வக்கீல் தொழில், உயிருக்குக் கவிதை. உருதுவிலும் பாரசீகத்திலும் எழுதினார். பாதிக்கு மேல் பாரசீகம்தான். 1938 ஏப்ரல் 21 அன்று லாகூரில் காலமானார். பாத்ஷாஹி மசூதியின் ஓரத்தில் அடக்கம்.

‘சாரே ஜஹான் ஸே அச்சா’ எழுதியவர் இவர்தானா?

இவரேதான். 1904இல், ஐரோப்பா போவதற்கு முன் எழுதியது. இன்று நாம் பாடும் மெட்டு பண்டிட் ரவிசங்கர் போட்டது. 1984இல் விண்வெளியிலிருந்து இந்தியா எப்படித் தெரிகிறது என்று இந்திரா காந்தி கேட்டபோது ராகேஷ் சர்மா பதிலாகச் சொன்னதும் இந்த முதல் அடியைத்தான்.

தமிழ்நாட்டுக்கும் இக்பாலுக்கும் என்ன சம்பந்தம்? உருது தெரியாத நமக்கு அவர் எதற்கு?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன்.

நான் ராவுத்தர் வீட்டுப் பிள்ளை. எங்கள் வீட்டில் உருது கிடையாது. அத்தா, அம்மா, தாலாட்டு, சண்டை எல்லாம் தமிழ்தான். ஊரில் தெருவுக்கு ஒரு இக்பால் இருப்பார், ஆனால் அந்தப் பெயரின் சொந்தக்காரர் எழுதிய ஓரடிகூட யாருக்கும் தெரியாது. வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் போனால் உருது முஷாயிரா, அதாவது கவியரங்கம், நடக்கும், அங்கே நிலைமை வேறு. வைகைக்குத் தெற்கே அவர் எட்டாத கவிஞராகவே இருந்துவிட்டார்.

ஆனால் அவருடைய தத்துவத்தின் மையமான நூல் பிறந்ததற்குத் தமிழ் மண்ணும் ஒரு காரணம். இஸ்லாமியச் சிந்தனையை இன்றைய அறிவோடு எப்படிப் புதுப்பிப்பது என்பதைப் பற்றி இக்பால் ஆங்கிலத்தில் சொற்பொழிவுகள் எழுதினார். எழுதச் சொல்லிக் கேட்டது சென்னை முஸ்லிம் சங்கம். செலவை ஏற்றவர் ஜமால் முகமது சாகிபு, தோல் வணிகத்தில் பெரும் செல்வராக இருந்த தமிழர். 1929 ஜனவரி முதல் வாரத்தில் சென்னைக்கு வந்து மூன்று உரைகள் நிகழ்த்தினார் இக்பால். அதன்பின் பெங்களூர், மைசூர் வழியாக ஹைதராபாத் சென்றார், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அடக்கத்தலத்தில் நின்று கலங்கினார். இவற்றோடு மேலும் மூன்று உரைகள் சேர்ந்து 1930இல் லாகூரில் நூலாக வந்தன. முன்னுரையிலேயே சென்னையின் அழைப்பைக் குறித்திருக்கிறார். பின்பு இன்னோர் உரையும் சேர்ந்து 1934இல் ஆக்ஸ்போர்டு பதிப்பாயிற்று.

ஜமால் முகமது இதை ஒருமுறை செய்து ஓய்ந்தவர் அல்லர். 1925இல் சுலைமான் நத்வி, 1927இல் குர்ஆனை ஆங்கிலத்தில் பெயர்த்த பிக்தால் என்று தொடர்ந்து அறிஞர்களைச் சென்னைக்கு வரவழைத்துப் பேசவைத்தார். திருச்சியில் 1951இல் தொடங்கிய கல்லூரி அவர் பெயரில்தான் இருக்கிறது.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இந்த இடம் உடனே பிடிபடும். இக்பால் சென்னையில் பேசிய அதே 1929இல்தான் கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியாரின் பல்கலைக்கழகம் சிதம்பரத்தில் உருவானது. கோட்டையூர் அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் கல்லூரி கண்டது 1947இல். வியாபாரத்தில் வந்ததில் மகமை என்று ஒரு பங்கை எடுத்துவைக்கும் பழக்கம் ஊறிய மண் இது. கோயிலுக்குப் போன காசு கல்விக்கும் போகலாம் என்று நினைத்த ஒரு தலைமுறை, நகரத்தாரிலும் ராவுத்தரிலும் ஒரே காலத்தில் இருந்தது. இக்பாலின் நூல் அந்தத் தலைமுறையின் சொத்துப் பட்டியலில் சேர வேண்டியது என்பது என் எண்ணம்.

அந்தச் சொற்பொழிவுகளில் அப்படி என்ன இருக்கிறது?

லேசான நூல் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐன்ஸ்டைன், பெர்க்சன், வைட்ஹெட் என்று மேற்கின் அறிவியல், தத்துவ அறிஞர்கள் எல்லாரும் வருவார்கள். அவர்களுக்குப் பக்கத்திலேயே இஸ்லாமிய அறிஞர் கஸ்ஸாலியும் பாரசீக சூஃபிக் கவிஞர் ரூமியும் வருவார்கள். சமய அனுபவமும் அறிவின் ஒரு வகையே, அதையும் சோதித்துப் பார்க்கலாம் என்பதில் தொடங்குகிறார். உலகம் செய்து முடித்துவைத்த பண்டம் அல்ல, இன்னும் செய்யப்பட்டுக்கொண்டே இருக்கிறது, அந்த வேலையில் மனிதனுக்கும் கூட்டு உண்டு என்பது அவர் கொள்கை. ஆறாவது உரை இஜ்திஹாத் பற்றியது. அதாவது, முன்னோர் வகுத்த சட்டத்தோடு நின்றுவிடாமல் ஒவ்வொரு தலைமுறையும் மூல நூல்களை வைத்துத் தானே சிந்தித்து முடிவு காணும் உரிமை. அந்தக் கதவு அடைபட்டது என்பதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. நூறு ஆண்டுகள் ஆகப்போகின்றன, இந்த உரையைச் சுற்றிய விவாதம் இன்னும் அடங்கவில்லை.

அவருடைய தத்துவத்தை ஒரு வரியில் சொல்ல முடியுமா?

ஒரு வரியில் வேண்டாம், சிறிது பொறுமையாகப் பார்ப்போம். ‘சுயம்’ என்பதுதான் அவருடைய அச்சாணி. 1915இல் வந்த ‘அஸ்ராரே குதி’ என்ற பாரசீகக் காவியம் இதைப் பேசுகிறது. கேம்பிரிட்ஜ் அறிஞர் நிக்கல்சன் 1920இல் அதை ஆங்கிலமாக்கிய பிறகுதான் மேற்குலகம் இக்பாலைத் திரும்பிப் பார்த்தது.

துளி கடலில் கலந்து காணாமல் போவதுதான் முக்தி என்று பல மரபுகள் சொல்லும். இக்பால் அங்கே தடுத்து நிற்கிறார். துளி முத்தாக வேண்டும், கடலுக்குள் இருந்தபடியே தன்னை இழக்காமல் இருக்க வேண்டும் என்கிறார். ஆசையை அறுக்கச் சொல்லவில்லை. பெரிய ஆசை கொள்ளச் சொல்கிறார். பிறரிடம் கையேந்துவது சுயத்தைத் தேய்க்கும், அன்பும் உழைப்பும் இடர்களோடு மோதுவதும் அதை உரமாக்கும். விதியை எழுதும் முன் இறைவனே ‘உனக்கு என்ன வேண்டும்’ என்று கேட்கும் அளவுக்கு உன்னை உயர்த்திக்கொள் என்று பிற்காலத்தில் பாடினாரே, அந்த ஈரடி இந்தத் தத்துவத்தின் சாறுதான்.

இது தன்னலமாகிவிடாதா என்று தேவகோட்டையில் ஒரு கல்லூரி மாணவி கேட்டாள். அதே ஐயம் அன்றைக்கும் எழுந்தது. 1918இல் அடுத்த காவியம் எழுதினார், தனிமனிதன் சமூகத்தில் வேர் பிடிக்காமல் வளர முடியாது என்று. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். முதலாவதை மட்டும் மேற்கோள் காட்டும் தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் இக்பாலைப் பாதியாக்கிவிடுகிறார்கள்.

சுயம் பற்றிய இந்தத் தத்துவம் ஜெர்மன் தத்துவஞானி நீட்சேயைப் பார்த்து எழுதியதா?

இல்லை. நிறைமனிதன் பற்றி அல்ஜீலி என்ற சூஃபி எழுதியதை ஆராய்ந்து இக்பால் 1900இலேயே ஒரு கட்டுரை வெளியிட்டார். நீட்சேயை மதித்தார், இறைவனை விட்டுவிட்டதற்காக அவர்மேல் இரக்கமும் பட்டார். இக்பாலின் குரு ரூமிதான். 1932இல் வெளியான ‘ஜாவீத் நாமா’வில் வானுலகங்களைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டியே ரூமி.

கடவுளையே திட்டிப் பாடினாராமே?

திட்டவில்லை, முறையிட்டார். பாட்டின் பெயர் ‘ஷிக்வா’. உன் பெயரை உலகமெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் நாங்கள், உன் அருளோ அடுத்தவர் வீட்டில் பொழிகிறது, இடி மட்டும் எங்கள் கூரையில் விழுகிறது, இது நியாயமா என்று இறைவனிடம் நேருக்கு நேர் கேட்கும் பாட்டு. கேட்டுவிட்டு ஆலிம்கள், அதாவது மார்க்க அறிஞர்கள், சிலர் கொதித்தார்கள்.

தமிழில் தேவாரம் தெரிந்தவர்களுக்கு இது அதிர்ச்சியே தராது. கண் பார்வை போன நிலையில் திருவாரூரில் நின்று, உன் அடியாரை இப்படித் தவிக்கவிட்டு நீர் மட்டும் ‘வாழ்ந்து போதீரே’ என்று சுந்தரர் பாடவில்லையா? உரிமை உள்ளவன்தான் கோபித்துக்கொள்வான். காரைக்குடியில் ஷிக்வாவைத் தமிழில் சொல்லி முடித்ததும் ஓதுவார் ஒருவர் எழுந்து அந்தப் பதிகத்தைப் பாடினார். என் விளக்கம் அதற்குமேல் தேவைப்படவில்லை.

ஆனால் பாதியில் நிறுத்தக்கூடாது. 1913இல் ‘ஜவாபே ஷிக்வா’ வந்தது, இறைவன் சொல்லும் பதில். முறையீட்டைவிடப் பதில் கடுமையானது. உன் முன்னோர் பெரியவர்கள்தான், ஆனால் நீ யார்? கையைக் கட்டிக்கொண்டு நாளை வரும் என்று உட்கார்ந்திருக்கிறாய் என்று இறைவன் கேட்கிறான். இதை ஒரு பெரிய செட்டிநாட்டு வீட்டின் வளவில், உள்முற்றத்தைச் சுற்றிய கூடத்தில், உட்கார்ந்து வாசித்தோம். சுற்றிலும் பர்மாத் தேக்குத் தூண்கள். வருஷத்தில் முக்கால்வாசி நாள் பூட்டியே கிடக்கும் வீடு. வாசித்தவர் அந்த அடிக்கு வந்ததும் ஆச்சி ஒருவர், “இது எங்க வீட்டுப் பிள்ளைகளுக்குன்னே சொன்ன மாதிரியில்ல இருக்கு” என்றார். ‘ஐயா கட்டிய வீடு’ என்று பெருமை பேசும் யாருக்கும் அந்த அடி சுடும். இஸ்லாமிய உலகின் வீழ்ச்சியைப் பார்த்து எழுதியது, ஆனால் பழம்பெருமையை உட்கார்ந்து தின்னும் எல்லா இனத்துக்கும் பொருந்துகிறது.

இராமனைப் பாடியிருக்கிறாரா?

ஆம். ‘ராம்’ என்றே தலைப்பு. இராமனை ‘இமாமே ஹிந்த்’, இந்தியாவின் இமாம் என்கிறார். வீரம், தூய்மை, அன்பு மூன்றிலும் நிகரற்றவன் என்று புகழ்கிறார். குருநானக்கைப் பாடினார், காயத்ரி மந்திரத்தை உருதுவில் பெயர்த்தார், ஜாவீத் நாமாவில் விசுவாமித்திரரும் வடமொழிக் கவிஞர் பர்த்ருஹரியும் வருகிறார்கள்.

1939இல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் திருநாளைப் பார்த்து வளர்ந்த ஊர் காரைக்குடி. கம்பர் சமாதி நாட்டரசன்கோட்டையில் இருக்கிறது. உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த மு.மு. இஸ்மாயில் கம்பனில் தோய்ந்து பேசியதைக் கேட்டு வாழ்ந்த தலைமுறை நம்முடையது. இக்பாலின் இந்தப் பாட்டு நமக்கு அந்நியம் ஆகாது.

பாரதியோடு ஒப்பிடலாமா?

தாராளமாக. பாரதி ஐந்து வயது இளையவர். இருவரும் சந்திக்கவில்லை. 1919இல் பாரதி கானாடுகாத்தானுக்கும் காரைக்குடிக்கும் வந்தார். கையில் கோலோடு நிற்கும் அந்தப் பிரபலமான படம் காரைக்குடியில் எடுத்ததுதான். அடுத்த ஆண்டு பொட்டல்புதூரில் இஸ்லாத்தைப் பற்றி உரையாற்றினார்.

‘தனியொருவனுக்கு உணவில்லை யெனில் ஜகத்தினை அழித்திடுவோம்’ என்றார் பாரதி. 1935இல் வந்த தொகுப்பில் இக்பால் வானவர்களுக்கு இறைவன் இடும் கட்டளையாகப் பாடுகிறார்: எந்த வயல் உழவனுக்குச் சோறு தரவில்லையோ, அந்த வயலின் ஒவ்வொரு கதிரையும் கொளுத்திவிடுங்கள். புதுவயல் அரிசி ஆலையில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, இரண்டையும் ஆலைச் சுவரில் பக்கம் பக்கமாக எழுதிவைக்க வேண்டும் என்றார்.

வேறுபாடும் உண்டு. பாரதியின் கோபம் சட்டென்று ஆனந்தக் கூத்தாக மாறும். இக்பாலிடம் ஒரு தீராத துயரம் அடியில் ஓடும். முஸ்லிம்கள் இழந்த ஸ்பெயினின் கார்டோபாவை 1933இல் போய்ப் பார்த்து, அந்தப் பள்ளிவாசலைப் பற்றி எழுதிய நீண்ட பாட்டில் காலம் எல்லாவற்றையும் விழுங்கும், காதல் கொண்டு செய்த வேலையை மட்டும் விழுங்காது என்கிறார். அவர் எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

வட்டித் தொழிலைப் பழித்தாரா?

வங்கிகளைப் பழித்தார். லெனின் இறந்தபின் இறைவன் முன் நிற்பதாக ஒரு பாட்டு. ஐரோப்பாவில் தேவாலயங்களைவிட வங்கிக் கட்டடங்கள் அழகாக இருக்கின்றன, பார்க்க வணிகம், உள்ளே சூதாட்டம், ஒருவனுக்கு லாபம், லட்சம் பேருக்குத் திடீர்ச் சாவு என்று லெனின் முறையிடுகிறார். பர்மாவில் கிட்டங்கி வைத்து வட்டிக்குக் கடன் கொடுத்த குடும்பத்துப் பெரியவர் ஒருவர் இதைக் கேட்டு வருத்தப்பட்டார். ஐயா, உங்கள் மனம் புண்படச் சொன்னதல்ல. ஆனால் 1930களின் பெருமந்தத்தில் பர்மிய உழவர்களின் நிலம் எப்படிக் கடனுக்குக் கைமாறியது, அந்த மனக்கசப்பு நகரத்தாரையே கடைசியில் எப்படித் தாக்கியது என்பது நம் குடும்பக் கதைகளிலேயே இருக்கிறது. அந்தப் பாட்டைக் கசப்போடு படித்தாலும் படிக்கத்தான் வேண்டும்.

பாகிஸ்தானைக் கேட்டவர்தானே?

நேராகவே பதில் சொல்கிறேன். 1930 டிசம்பர் 29 அன்று அலகாபாத் முஸ்லிம் லீக் மாநாட்டில் தலைமையுரை ஆற்றினார். பஞ்சாப், வடமேற்கு எல்லை மாகாணம், சிந்து, பலுசிஸ்தான் நான்கையும் இணைத்து ஒரே அரசாக்க வேண்டும் என்றார், பிரிட்டிஷ் பேரரசுக்குள்ளோ வெளியிலோ. 1934இல் ஆங்கில எழுத்தாளர் எட்வர்ட் தாம்சனுக்கு எழுதிய கடிதத்தில், பாகிஸ்தான் என் திட்டமல்ல, இந்தியக் கூட்டாட்சிக்குள் ஒரு முஸ்லிம் மாகாணத்தையே நான் சொன்னேன் என்றார். 1937இல் ஜின்னாவுக்கு எழுதிய கடிதங்களில் மறுபடி தூர நகர்ந்து, வடமேற்கு முஸ்லிம்களும் வங்காள முஸ்லிம்களும் தன்னுரிமைக்குத் தகுதியான தேசங்கள் என்கிறார். முஸ்லிம்களுக்குத் தனி அரசுகள் கேட்ட முஸ்லிம் லீக்கின் லாகூர் தீர்மானம் வந்தது 1940இல், அவர் இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து.

ஆகவே பிரிவினைக்கு அவரை மட்டும் பொறுப்பாக்குவது தவறு. அவருக்குப் பொறுப்பே இல்லை என்று துடைத்துவிடுவதும் தவறு. நாட்டுப்பற்று என்ற புதிய தெய்வம் மனிதர்களைக் கூறுபோடுகிறது என்று ஐரோப்பாவில் கண்டு எச்சரித்தவர் அவர். அந்த எச்சரிக்கையோடு வடமேற்கு முஸ்லிம்களுக்குத் தனி அரசு என்ற யோசனையை அவர் எப்படிப் பொருத்திக்கொண்டார் என்பதில் எனக்கு இன்றும் மனநிறைவு இல்லை. தெற்கே சிதறி வாழும் எங்களைப் போன்ற முஸ்லிம்களுக்கு அந்த அரசியலில் இடமே இருக்கவில்லை. அவர் மறைவுக்குச் சில மாதங்கள் முன், 1938 ஜனவரியில், லாகூரில் நோய்ப்படுக்கையில் இருந்த அவரை நேரு போய்ப் பார்த்தார். ஜின்னா அரசியல்வாதி, நீங்கள் தேசபக்தர் என்று இக்பால் தம்மிடம் சொன்னதாக நேருவே எழுதியிருக்கிறார்.

பெண்களைப் பற்றி அவர் கருத்து?

இங்கே அவரோடு நான் உடன்படவில்லை. திரிப்போலிப் போரில் காயம்பட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து மாண்ட ஃபாத்திமா என்ற சிறுமியை உருகிப் பாடியவர், பெண் விடுதலை என்று வந்தால் பின்வாங்கினார். தாய்மையைப் போற்றியதோடு நின்றுவிட்டார். சுயத்தை இவ்வளவு உயர்த்திய தத்துவத்தில் பாதி மனித இனத்துக்கு அரை இடம்தான். அந்தத் தத்துவத்தையே எடுத்து அவரோடு வாதாடலாம்.

வெளிநாடுகளில் அவர் தாக்கம் எப்படி?

பாகிஸ்தானுக்கு அவர் தேசியக் கவி. ஈரானில் ‘இக்பால் லாஹூரி’ என்றால் எல்லாருக்கும் தெரியும். ஈரானியச் சிந்தனையாளர் அலி ஷரீஅத்தி அவரிடம் ஆழமாகக் கடன்பட்டவர். துருக்கியின் கோனியாவில், ரூமியின் வளாகத்தில் இக்பாலுக்கு ஒரு நினைவுக்கல் வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியின் ஹைடல்பெர்கில் நெக்கர் ஆற்றங்கரைச் சாலை ஒன்றுக்கு அவர் பெயர்; அந்த ஆற்றங்கரை மாலையைப் பற்றி அவர் எழுதிய சிறு பாட்டு உருதுவின் அமைதியான பாட்டுகளில் ஒன்று.

எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்? பிள்ளைகளுக்கு எதைக் கொடுக்கலாம்?

பெரியவர்கள் ஷிக்வாவையும் அதன் பதிலையும் சேர்த்துப் படியுங்கள். பிறகு கார்டோபா பள்ளிவாசல், பிறகு லெனின். தத்துவத்தில் ஆர்வம் இருந்தால் அந்தச் சொற்பொழிவு நூலில் நான்காவதான, மனித சுயம் பற்றிய உரையை முதலில் எடுங்கள். முதல் உரையில் நுழைந்து பாதியில் மூடிவைத்தவர்கள் பலர். உருது எழுத்து தெரியாவிட்டாலும் யாராவது ராகத்தோடு ஓதிய ஒலிப்பதிவைக் கேளுங்கள். பொருளைத் தமிழில் பக்கத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

பிள்ளைகளுக்கு 1902இல் அவர் எழுதிய சிறுவர் பிரார்த்தனை இருக்கிறது, ‘லப் பே ஆதீ ஹை துஆ’. என் வாழ்வு மெழுகுவர்த்தியாகட்டும், என்னால் உலகின் இருள் போகட்டும், ஏழைக்கு உதவுவதும் துன்பப்படுவோரிடமும் முதியோரிடமும் அன்பு காட்டுவதும் என் வேலையாகட்டும் என்று ஒரு குழந்தை கேட்கிறது. ஆறே ஈரடிகள். பள்ளியில் காலை வழிபாட்டுக்கு எந்த மதத்துப் பிள்ளையும் பாடலாம். தமிழில் பெயர்க்கும்போது சொற்களைக் குழந்தை வாய்க்கு ஏற்றபடி சின்னதாக வையுங்கள். ‘பிரகாசம்’ வேண்டாம், ‘வெளிச்சம்’ போதும்.